மருத்துவத் தமிழும் எளிய தமிழும்: சாமுவேல் பிஸ்க் கிறீன் பணியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவச் செய்தி தமிழில் அமைந்துவிட்டால் அது தமிழ் மக்களுக்குப் புரிந்துவிடும் என்னும் எண்ணம் தமிழ் அறிவுலகில் நெடுங்காலமாக நிலவுகிறது. இவ்வெண்ணத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் நூலாக்கமும் சொல்லாக்க நெறியும் முதற்கண் ஆராயப்படுகின்றன. தொடர்ந்து 20ஆம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்க முயற்சிகளும், அண்மைக்காலப் பொதுநல அறிவிப்புகளும் அவற்றோடு ஒப்புநோக்கப்படுகின்றன. மருத்துவம் கற்பவருக்கான தமிழும் நோயாளிக்கான தமிழும் இருவேறு பணிகள் என்பதும், தமிழ் ஆய்வுலகு முன்னதைப் பேணிய அளவுக்குப் பின்னதைப் பேணவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: எளிய மொழி, சுகாதார எழுத்தறிவு, மருத்துவத் தமிழ், சாமுவேல் பிஸ்க் கிறீன், கலைச்சொல்லாக்கம், பொதுநல அறிவிப்பு.

முன்னுரை

ஒரு நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்து வீடு திரும்புவதற்குள் பலவகை எழுத்துகளை எதிர்கொள்கிறார். பதிவுச்சீட்டு, ஆய்வக அறிக்கை, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம், மாத்திரை உறை, சுவரொட்டி ஆகியவை அவற்றுட் சில. இவற்றுள் ஆய்வக அறிக்கையும் மருந்து அட்டையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஒப்புதல் படிவமும் சுவரொட்டியும் தமிழில் கிடைக்கின்றன. ஆயினும் தமிழிலுள்ள ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பொருள் உணர்ந்து கையொப்பமிடுவோர் எத்தனை பேர் என்னும் வினா எழுகிறது. நீண்ட வாக்கியங்களும் சட்டச் சொற்களும் நிறைந்த அப்படிவத்தை, கையொப்பம் இடவேண்டிய இடத்தை மட்டும் கேட்டறிந்து திருப்பித் தருவதே பலரின் வழக்கமாக உள்ளது. ஆங்கிலம் அகன்ற இடத்திலும் புரியாமை அகலவில்லை என்பதை இது காட்டுகிறது.

மருத்துவத் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொற்களின் எண்ணிக்கை, வேர், பிறமொழிக் கலப்பு, தனித்தமிழ் ஈடு ஆகியவற்றையே பேசியுள்ளன. ஒரு சொல்லை வாசிப்பவர் யார், அச்சொல்லைக் கொண்டு அவர் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாக்கள் அவற்றில் அருகியே காணப்படுகின்றன. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய, தமிழில் மேலை மருத்துவ நூலாக்கம் முறையாகத் தொடங்கிய காலத்திற்குச் செல்ல வேண்டியுள்ளது.

எளிய மொழி: கருத்தும் வளர்ச்சியும்

பொதுமக்களுக்கான எழுத்து எளிமையாக இருத்தல் வேண்டும் என்பது ஓர் இயக்கமாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டிலாகும். பிரித்தானிய அரசின் கருவூலத் துறை கேட்டுக்கொண்டதற்கு இணங்க, எர்னஸ்ட் கோவர்ஸ் அரசு அலுவலர்களுக்காக எழுதிய 'பிளெயின் வேர்ட்ஸ்' என்னும் நூல் 1948இல் வெளிவந்தது. அலுவலர் தம் சொல்வன்மையைக் காட்ட எழுதுதல் கூடாது. படிப்பவர் மனத்தில் கருத்தைச் சேர்ப்பதே எழுத்தின் நோக்கம் என்பது அந்நூலின் அடிப்படையாகும். லிவர்பூலைச் சேர்ந்த கிறிசி மாகர் 1979இல் இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கிழித்தெறிந்து, எளிய ஆங்கிலத்திற்கான பரப்புரையைத் தொடங்கினார். பதின்பருவம் வரை எழுதப் படிக்க அறியாதிருந்தவர் அவர். எனவே அப்பரப்புரை படிவத்தை நிரப்ப இயலாது உதவித்தொகையை இழந்தோரின் பக்கம் நின்று எழுந்தது எனலாம். அமெரிக்காவில் 2010இல் எளிய எழுத்துச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

மருத்துவத் துறையில் இதற்கு இணையாக வளர்ந்த கருத்தே சுகாதார எழுத்தறிவு. இத்தொடரை 1974இல் ஸ்காட் சைமண்ட்ஸ் பள்ளிக் கல்வியையொட்டிப் பயன்படுத்தினார். டான் நட்பீம் 2000ஆம் ஆண்டில் இதனை மூன்று நிலைகளாகப் பகுத்தார். சுகாதாரச் செய்தியைப் படித்து அதன்படி நடக்கும் திறன், மருத்துவரோடும் பிறரோடும் உரையாடிப் பயன்பெறும் திறன், கிடைத்த செய்தியைச் சீர்தூக்கித் தம் வாழ்க்கைச் சூழலை மாற்றும் திறன் என்பன அவை. தொடக்கத்தில் நோயாளியின் குறைபாடாகக் கருதப்பட்ட ஒன்று, காலப்போக்கில் செய்தியைத் தருவோரின் பொறுப்பாகவும் உணரப்பட்டது.

எளிய மொழிக்கான பன்னாட்டுத் தர நெறி 2023இல் வெளியிடப்பட்டது. படிப்பவர் தமக்கு வேண்டியதைக் கண்டறியவும், கண்டறிந்ததைப் புரிந்துகொள்ளவும், புரிந்துகொண்டதைப் பயன்படுத்தவும் இயலுமாயின் அது எளிய மொழி என அந்நெறி வரையறுக்கிறது. இவ்வரையறையில் சொல்லின் வேர் பற்றியோ தூய்மை பற்றியோ பேச்சில்லை. படிப்பவரின் செயலே அளவுகோலாக வைக்கப்பட்டுள்ளது.

இக்கருத்து தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளைத் தொகுக்கும்போது சொற்சுருக்கத்தையும் பொருள் விளக்கத்தையும் முதலிரண்டாக வைத்துள்ளார். பத்துக் குற்றங்களுள் வேண்டியதைக் குறைத்துச் சொல்வதும் ஒன்றாகும். எளிமை என்பது செய்தியைக் குறைப்பதன்று என்னும் தெளிவு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கிறது.

யாழ்ப்பாணச் சூழலும் கிறீனின் வருகையும்

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றியது. மருத்துவரான ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், நேதன் உவார்ட் வட்டுக்கோட்டையிலும் மேலை மருத்துவத்தை அறிமுகம் செய்தனர். 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டை செமினறி உயர்கல்வியை ஆங்கிலத்தில் வழங்கியது. 1834இல் மானிப்பாயில் அச்சகமும், 1841இல் 'உதயதாரகை' என்னும் இருமொழி இதழும் தோன்றின. மருத்துவ நூல்கள் அச்சேறுவதற்கான புறச்சூழல் இவ்வாறு உருவாகியிருந்தது.

மேலை மருத்துவம் வெற்றிடத்தில் நுழையவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புடைய 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' முதலிய மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண வைத்தியர்களிடையே வழங்கின. வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் சொற்களாலேயே மக்கள் தம் உடலைப் பற்றிப் பேசினர். அந்நூல்கள் செய்யுள் வடிவில் அமைந்தவை. வைத்தியர் மனப்பாடம் செய்து மாணாக்கருக்கு வழங்குவதே அவற்றின் பயன்பாடு. நோயாளி அவற்றைப் படிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அம்மரபில் இல்லை. நோயாளிக்கு வேண்டிய பத்தியமும் மருந்துண்ணும் முறையும் வைத்தியரின் வாய்மொழியாகவே வழங்கப்பட்டன.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து உவூஸ்டரில் பிறந்தவர். மருத்துவம் பயின்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். 1848இல் மானிப்பாயை மையமாகக் கொண்டு மருத்துவமனைப் பணியையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்று 1862இல் மீண்டு, 1873 வரை பணிபுரிந்தார். 1884இல் மறைந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்னும் பொருள்படும் தொடர் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. எபினேசர் கட்லர் 1891இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும், ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலும் அவரது பணியைப் பிற்காலத்தார்க்கு அறியத் தந்தன.

ஆங்கிலவழியிலிருந்து தமிழ்வழிக்கு

கிறீனின் மருத்துவ வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. 1864இல் அது தமிழ்வழிக்கு மாறியது. அவரிடம் பயின்ற 62 பேரில் 33 பேர் தமிழ்வழியில் பயின்றவர்கள் என்பர். இம்மாற்றத்திற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது, மிஷனின் கொள்கை மாற்றம். அமெரிக்க மிஷன் தலைமையகத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு யாழ்ப்பாணம் வந்து ஆராய்ந்ததையடுத்து, 1855இல் வட்டுக்கோட்டை செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியைக் குறைத்து, தாய்மொழிவழிப் பணிக்கு முதன்மை தர வேண்டும் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. இரண்டாவது, கிறீன் நேரிற் கண்ட நடைமுறை. ஆங்கிலவழியில் பயின்ற மாணவர்கள் அரசுப் பணியும் உயர்ந்த ஊதியமும் நாடி ஊரை விட்டு வெளியேறினர். தமிழ்வழியில் பயின்றோர் தம் ஊரிலேயே தங்கி மக்களுக்கு மருத்துவம் செய்வர் என அவர் கருதினார். மாணவர் தம் உடையையும் வாழ்க்கை முறையையும் மாற்றிக்கொள்ளாதிருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

ஆகவே தமிழ்வழிக் கல்வியின் முதல் நோக்கம் மருத்துவரை ஊரில் நிறுத்துவதாகும். மருத்துவர் ஊரில் இருந்தால், மக்கள் அவரிடம் தம் மொழியிற் பேசிப் புரிந்துகொள்வர் என்பது அதன் உட்கிடை. நோயாளிக்குச் செய்தி சென்று சேரும் வழியாக நூல் கருதப்படவில்லை. நூலைப் படித்த மருத்துவரே கருதப்பட்டார். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே கிறீனின் நூல்களை மதிப்பிடுதல் வேண்டும்.

கிறீனின் நூல்களும் சொல்லாக்க நெறியும்

கால்வின் கட்டரின் நூலைத் தழுவிய அங்காதிபாத, சுகரணவாத, உற்பாலன நூல் 1852இல் வெளிவந்தது. உடற்கூறு, உடலியக்கம், உடல்நலம் பேணல் ஆகிய மூன்று துறைகளையும் அது ஒருங்கே கொண்டிருந்தது. 1857இல் மான்செலின் நூல் 'பிரசவ வைத்தியம்' எனவும், 1867இல் துரூவிற்றின் நூல் 'இரண வைத்தியம்' எனவும், 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், ஊப்பரின் நூல் 'வைத்தியாகரம்' எனவும், 1875இல் வேதியியல் நூல் ஒன்று 'கெமிஸ்தம்' எனவும் தமிழில் வெளியாயின. டான்வர்த், சாப்மன் முதலிய மாணவர்களும் இம்மொழிபெயர்ப்புப் பணியில் பங்குகொண்டனர். கிறீன் தாயகம் திரும்பிய பின்னரும் திருத்தப் பணியைத் தொடர்ந்தார். இந்நூல்கள் அனைத்தும் சேர்ந்து நான்காயிரம் பக்கங்களைக் கடந்தன.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு வரிசைமுறையைக் கையாண்டார். முதலில் தமிழ் வழக்கிலும் தமிழ் மருத்துவ நூல்களிலும் சொல் உண்டா எனத் தேடுதல்; இல்லையேல் வடமொழியிலிருந்து பெறுதல்; அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தல் என்பதே அம்முறை. நூல்களின் தலைப்புகளே இம்மூன்று படிகளுக்கும் சான்றாகின்றன.

'இரண வைத்தியம்' என்னும் பெயரைக் கேட்ட எவரும் அது காயத்திற்கும் புண்ணுக்கும் உரிய மருத்துவம் என உணர்ந்திருப்பர். இரணம், பிரசவம் என்பன வடமொழி வழிவந்த சொற்களாயினும் வீட்டு வழக்கில் ஊறியவை. 'அங்காதிபாதம்' அவ்வாறானதன்று. இலக்கியம் பயின்றோர்க்கு அது கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகையின் ஓசையை நினைவூட்டியிருக்கலாம். ஆயினும் உடற்கூற்றியல் என்னும் பொருள் கற்பித்தாலன்றி விளங்காது. சுகரணம், உற்பாலனம் ஆகியவையும் அத்தகையன. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு தந்து ஆக்கப்பட்டது. அது தமிழ்ச்சொல் போல ஒலித்தாலும் எப்பொருளையும் தானே சுட்டுவதில்லை.

இந்நூல்களின் வடமொழிச் செறிவைக் குறையாகச் சுட்டிய கருத்துகள் பிற்காலத்தில் எழுந்தன. அக்குறை கூறல் காலச்சூழலைக் கருதாதது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்விசார் தமிழ் உரைநடை வடசொற் கலப்புடன் வழங்கியது. மேலும், மாணவர் ஒருவர் மூன்றாண்டு பயிலும் துறைக்கு ஒருமைப்பட்ட சொற்றொகுதி இன்றியமையாதது. அங்காதிபாதம் என்னும் சொல்லை ஒரு முறை கற்றவர் மறுமுறை தடுமாறுவதில்லை. கற்போருக்குரிய கருவி என்ற அளவில் கிறீனின் சொற்கள் தம் பணியைச் செய்தன.

யாருக்கான தமிழ்?

உண்மையான சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. 1852இல் வெளிவந்த முதல் நூலின் மூன்றாம் துறையாகிய உற்பாலனம், உடல்நலத்தைப் பேணும் முறைகளைக் கூறுவது. தூய காற்று, நீர், உணவு, குளியல், உறக்கம் முதலியன அத்துறையின் பொருள்கள். இவை மருத்துவ மாணவருக்கு மட்டும் உரியவையல்ல. ஒவ்வொரு வீட்டிற்கும் உரியவை. வாந்திபேதி மீண்டும் மீண்டும் பரவிய யாழ்ப்பாணத்தில் அச்செய்தியின் தேவை உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. ஆனால் உடற்கூற்றுக்கு வகுத்த அதே சொல்லாக்க முறையே உடல்நலம் பேணலுக்கும் பெயரிட்டது. எலும்பின் பெயரை அறிய வேண்டியவரும் கிணற்றைக் காக்க வேண்டியவரும் ஒரே வாசகராகக் கொள்ளப்பட்டனர்.

கிறீன் இவ்வேறுபாட்டை உணராதவரல்லர். பாடநூல்களுக்குப் புறம்பாகப் பொதுமக்களுக்கான சிறு வெளியீடுகளையும் அவர் எழுதினார். நோயாளிகளோடு தமிழில் உரையாடுவதற்காகவே அவர் அம்மொழியைக் கற்றார். ஆயினும் பிற்காலத்தில் பேணப்பட்டது எது என்பதே கருதத்தக்கது. அகராதி போன்ற சொற்பட்டியலும் பெருநூல்களும் ஆய்வுப் பொருளாயின. சிறு வெளியீடுகள் படித்தவுடன் எறியப்படும் தாள்களாக மறைந்தன. மருத்துவத் தமிழின் முன்னோடி என்று போற்றப்படும்போதெல்லாம் அவரது கலைச்சொற்களே எடுத்துக்காட்டாகின்றன.

தமிழ்வழி மருத்துவ வகுப்பும் அவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1870இல் தொடங்கப்பெற்ற கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் இயங்கியது. பட்டமும் பதவியும் அதன் வழியே கிடைத்தன. நூலைப் படித்த மருத்துவர் ஊரில் தங்கி மக்கள் மொழியில் விளக்குவார் என்னும் ஏற்பாடு இதனால் முறிந்தது. இடையிலிருந்த மனிதர் விலகியபோது, நூலுக்கும் நோயாளிக்கும் இடையிலான தொலைவு வெளிப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம்

தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்கான சங்கம் ஒன்றைத் தோற்றுவித்து இதழும் நடத்தினர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியை முன்னெடுத்தது. 1936இல் கூடிய சொல்லாக்கக் குழுவின் பணியில் விபுலாநந்த அடிகள் முதன்மைப் பங்காற்றினார். வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்பதே அக்காலத்தின் மைய விவாதமாகும். கிறீனின் மூன்று படிகளுள் எதற்கு முதலிடம் என்னும் வினாவே வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம். எழுபதாண்டுகளுக்குப் பின்னரும் விவாதம் சொல்லின் தோற்றத்தைப் பற்றியதாகவே இருந்தது. வாசகரைப் பற்றியதாக மாறவில்லை.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 1957இல் ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்தது. கீ. இராமலிங்கனார் போன்றோர் அலுவலகத் தமிழை வளர்த்தனர். அரசு ஆணை ஆங்கிலத்திலிருந்து விடுபட்டது பெரும் பேறாகும். ஆயினும் ஆங்கில ஆணையின் வாக்கிய அமைப்பு தமிழுக்குள் அப்படியே குடிபுகுந்தது. எச்சங்களை அடுக்கி, செயப்பாட்டு வினையில் முடியும் நெடுவாக்கியம் அலுவலகத் தமிழின் அடையாளமாயிற்று. மருத்துவமனைப் படிவங்கள் இந்நடையையே பின்பற்றின.

இக்காலத்திலேயே வேறொரு பாதையும் இருந்தது. 1946இல் நிறுவப்பெற்ற தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதனையடுத்து 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. முன்னதைச் சுருக்கிப் பின்னதை ஆக்கவில்லை. வாசகர் வேறு என்பதால் தனியே எழுதினர். சொல்லின் தோற்றத்தை முதன்மையாக்கிய காலத்திலும் வாசகரை முதன்மையாக்கும் நெறி தமிழில் இயன்றது என்பதற்கு இதுவே சான்றாகும். பொதுமக்களுக்கான மருத்துவ எழுத்தில் இந்நெறி முறையாகப் பின்பற்றப்படவில்லை.

நோய்ப்பெயர்களும் பொதுநல அறிவிப்புகளும்

மக்கள் வழக்கில் நோய்ப்பெயர்கள் அமையும் முறை தெளிவானது. வாந்திபேதி என்பது நோயின் இரு அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என்பன ஒரே சொல்லோடு அடை சேர்த்து வேறுபாட்டை உணர்த்துகின்றன. மஞ்சள் காமாலை நிறத்தைக் காட்டுகிறது. எலும்புருக்கி உடல் தேய்வதைக் காட்டுகிறது. இப்பெயர்கள் நோயின் காரணத்தைச் சொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பதை வீட்டிலுள்ளோர் உணர இவை போதியவை.

வழக்குச் சொல்லும் துறைச்சொல்லும் முரண்பட வேண்டியதில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. சுகாதாரம் வடசொல்லே, எனினும் ஆரம்ப சுகாதார நிலையம் சிற்றூர்தோறும் அமைந்ததால் அனைவர்க்கும் விளங்கும் சொல்லாயிற்று. மகப்பேறு ஏட்டு வழக்காக இருந்தது. மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளால் பொது வழக்காயிற்று. நீரிழிவு என்னும் சொல் அறிக்கைகளில் நிலைபெற்ற பின்னரும் மக்கள் சர்க்கரை என்றே கூறுகின்றனர். ஆகவே எளிமை சொல்லின் வேரில் இல்லை, புழக்கத்தில் உள்ளது. புழக்கம் உருவாக்கத்தக்கது, ஆனால் உருவாகும் வரை அச்சொல்லை மட்டும் கொண்டு எச்சரிக்கை விடுத்தல் இயலாது.

எய்ட்ஸ் பரப்புரை இதனை நன்கு காட்டுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் சுனிதி சாலமன் குழுவினரால் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஏமக்குறைவு நோய் போன்ற தமிழாக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எனினும் எய்ட்ஸ் என்னும் சொல்லே நிலைத்தது. 2003இல் தமிழகமெங்கும் புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என வினவும் விளம்பரங்கள் வைக்கப்பட்டன. அதில் கலைச்சொல் ஏதுமில்லை. தெருவிற் பேசும் மொழியில் அமைந்த ஒரு வினா, பேசத் தயங்கிய பொருளைப் பேசுபொருளாக்கியது. அது கேலிக்கும் எதிர்ப்புக்கும் உள்ளானது. கேட்டவர் கவனத்தை ஈர்ப்பதும், அவர் தம்மைக் காத்துக்கொள்ளத் தேவையான செய்தியைப் பெறுவதும் வெவ்வேறு என்பதையும் அது உணர்த்தியது. புரிதலும் பயன்பாடும் எளிய மொழியின் தனித்தனி உறுப்புகளாக வைக்கப்பட்டுள்ளமை இங்கு நினையத்தக்கது.

2020இல் கொரோனாத் தொற்றின்போது சமூக இடைவெளி என்னும் தொடர் பரவியது. அது ஆங்கிலத் தொடரின் நேர் பெயர்ப்பு. தமிழில் சமூகம் என்னும் சொல் சாதியையும் குறிக்க வழங்குவதால், அத்தொடர் தீண்டாமையின் சாயலைப் பெற்றது. உலக சுகாதார நிறுவனமும் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உடலளவிலான இடைவெளி என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைப் பயன்படுத்தத் தொடங்கியது. தமிழகத்தில் தனிநபர் இடைவெளி என்னும் வழக்கு தோன்றியது. ஆறடி தள்ளி நிற்க வேண்டும் எனக் கடைவாயிலில் வட்டமிட்டுக் காட்டியதோ எந்த ஐயத்தையும் எழுப்பவில்லை.

ஆய்வக முடிவை நேர்மறை, எதிர்மறை எனப் பெயர்ப்பதும் இத்தகையது. பொது வழக்கில் நேர்மறை நன்மையையும் எதிர்மறை தீமையையும் குறிக்கும். ஆய்வறிக்கையிலோ நேர்மறை என்பது பெரும்பாலும் நோய் உள்ளதையே குறிக்கிறது. தொற்று உள்ளது, தொற்று இல்லை என எழுதினால் மயக்கத்திற்கு இடமில்லை. மாத்திரை உறையில் காலை, மதியம், இரவு எனக் கட்டமிட்டு எண்ணிக்கையைக் குறிக்கும் வழக்கம் தமிழக மருந்தகங்களில் நெடுநாளாக உள்ளது. எந்தக் குழுவும் கூடி வகுக்காத இவ்வழக்கம், பன்னாட்டு நெறி கேட்கும் மூன்றையும் நிறைவேற்றுகிறது: வேண்டியது உடனே கண்ணிற் படுகிறது, புரிகிறது, அதன்படி நடக்க முடிகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

கிறீனின் தமிழ்ப்பணி மருத்துவம் கற்பவரை முன்னிறுத்தியது. அவர் ஊரில் தங்கி மக்களுக்கு விளக்குவார் என்னும் ஏற்பாட்டின் மேல் அது எழுந்தது. அவ்வேற்பாடு மறைந்த பின், நூல்களும் சொற்களும் மட்டும் மரபாகக் கையளிக்கப்பட்டன.

20ஆம் நூற்றாண்டுச் சொல்லாக்க விவாதம் சொல்லின் தோற்றத்தை மையமாகக் கொண்டமையால், தமிழாக்கமும் எளிமையாக்கமும் ஒன்றெனக் கருதப்பட்டன. தமிழாக்கம் எளிமைக்கு முதற்படி. அதுவே எளிமை ஆகாது.

கலைச்சொல்லும் எளிய சொல்லும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. மருத்துவக் கல்விக்கு வரையறுத்த சொற்றொகுதி தேவை. நோயாளிக்கு, செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியம் தேவை. ஒரே ஆவணம் இரண்டையும் செய்ய முயலும்போது நோயாளியே இழப்புக்கு உள்ளாகிறார்.

ஒரு சொல் சரியானதா என்பதை அறிஞர் குழு முடிவு செய்யலாம். ஒரு படிவம் புரிகிறதா என்பதை அதனை நிரப்புவோரிடமே அறிய வேண்டும். கலைச்சொல் அகராதிகளின் வரலாற்றை எழுதிய தமிழியல், மருத்துவமனைப் படிவம், துண்டுவெளியீடு, சுவரொட்டி ஆகியவற்றையும் ஆய்வுச் சான்றுகளாகத் திரட்டி, வாசகரிடம் கொண்டுசென்று சோதித்தல் வேண்டும். கிறீனின் பெருநூல்கள் நூலகங்களில் உள்ளன. அவர் ஊர் மக்களுக்கென எழுதிய சிறு வெளியீடுகளைத் தேடித் தொகுப்பது அப்பணியின் தொடக்கமாக அமையலாம்.